எடைமேடை போர்ட்டுக்கு மேக் பூட்டு

வாளையார், கஞ்சிக்கோடு பக்கத்து லாரி ஆபீஸ்களில் எடைமேடை அறைக்கு டிரைவர், கிளீனர், லோடுமேன் என்று எல்லாரும் வந்து போவார்கள். அந்தச் சுவர் நெட்வொர்க் சாக்கெட்டில் யார் லேப்டாப்பைச் சொருகினாலும் பில் சர்வர் வரை போய்விடலாம். அதைத் தடுக்கத்தான் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் மேக் ஏசிஎல் போடுகிறோம்; அதாவது, மெஷினின் வன்பொருள் முகவரியான மேக்கைப் பார்த்து யாரை விடுவது என்று சொல்லும் பட்டியல்.

முதலில் சரியான மேக் முகவரி வேண்டும். டப்பா ஸ்டிக்கரை நம்பாதீர்கள்; மெஷினை இணைத்து, 'ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்' கொடுத்து அந்த போர்ட்டில் (ஸ்விட்ச்சில் வயர் சொருகும் இடம்) தெரிவதை எடுங்கள். இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது மென்பொருள் போட்ட முகவரி. பிறகு மாறிவிடலாம்.

சிஸ்கோ கேட்டலிஸ்டில் 'மேக் ஆக்சஸ்-லிஸ்ட் எக்ஸ்டென்டட்' என்று பெயர் வைத்துத் திறந்து, 'பெர்மிட் ஹோஸ்ட் 0011.2233.4455 எனி' என எழுதி, இன்டர்ஃபேஸில் 'மேக் ஆக்சஸ்-குரூப்' போட்டு 'இன்' கொடுக்க வேண்டும். கடைசியில் எழுதாமலே ஒரு 'டினை எனி எனி' உட்கார்ந்திருக்கும். ஒரே கம்பெனி மெஷின்களை மொத்தமாக விட வேண்டுமென்றால் மாஸ்க்கில் (எந்த இலக்கங்களை ஒத்துப்பார்ப்பது என்று சொல்லும் எண்) முதல் ஆறு இலக்கம் பூஜ்யம், மீதி ஆறும் எஃப். வேறு சில பிராண்டுகளில் இது தலைகீழ், மேனுவலைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பலர் ஏமாறும் இடம் இனிதான். 2960, 3560 வகைகளில் போர்ட்டில் போட்ட மேக் ஏசிஎல் ஐபி அல்லாத டிராஃபிக்கை மட்டுமே பார்க்கும். ஐபி முகவரிக்கு உரிய மேக்கைக் கேட்டறியும் ஏஆர்பி அந்தக் கணக்கில் வருவதால், புது லேப்டாப்பில் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்ற சோதனை) போகாது. பூட்டு விழுந்துவிட்டது என்று கிளம்பிவிடுவோம். ஆனால் ஐபி பாக்கெட்டை அந்த லிஸ்ட் தொடுவதே இல்லை. இரண்டு பக்கமும் ஏஆர்பி பதிவு ஏற்கனவே இருந்தால் பிங் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஐபியையும் சேர்த்து அடைக்க, குறித்த மேக் முகவரிகளை மட்டும் போர்ட்டில் விடும் போர்ட் செக்யூரிட்டிதான் வழி. போர்ட் டைனமிக் மோடில் இருந்தால் கமாண்டையே ஏற்காது; முதலில் 'ஆக்சஸ்' மோடுக்கு மாற்றுங்கள். 'வயலேஷன் ரெஸ்ட்ரிக்ட்' (அத்துமீறினால் போர்ட்டை மூடாமல் அந்த பாக்கெட்டை மட்டும் தள்ளும்) முதலில், 'ஸ்டிக்கி' (வரும் முகவரியைத் தானே படித்துப் பிடித்துக்கொள்ளும்) அடுத்து, 'போர்ட்-செக்யூரிட்டி' கடைசியில். வரிசை மாறினால், ஒரு முகவரி என்ற டீஃபால்ட் எண்ணிக்கையும் ஷட்டவுன் என்ற டீஃபால்ட் தண்டனையும் சேர்ந்து, ஐபி போனுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் உள்ள போர்ட்டை அப்போதே 'எர்-டிசேபிள்' (பிழையால் முடக்கிய நிலை) ஆக்கிவிடும். அப்படிப்பட்ட போர்ட்டில் 'மேக்ஸிமம்' எண்ணிக்கையை முன்கூட்டியே கூட்டிவிடுங்கள். விழுந்த போர்ட்டை எழுப்ப 'ஷட்டவுன்', பிறகு 'நோ ஷட்டவுன்'.

ஸ்டிக்கி படித்ததை 'ரைட் மெமரி' கொடுத்துச் சேமிக்காவிட்டால், கரண்ட் போய் வந்ததும் முதலில் சொருகியவன் முகவரியே சொந்தக்காரனாகிவிடும். மழைக்காலத்தில் யுபிஎஸ் இல்லாத அறைகளுக்கு இது பெரிய ஓட்டை.

மெஷினை மாற்றும்போது பழைய ஸ்டிக்கி முகவரியை 'கிளியர் போர்ட்-செக்யூரிட்டி ஸ்டிக்கி இன்டர்ஃபேஸ்' என்று அந்த போர்ட்டின் பெயரோடு கொடுத்து எடுத்துவிட்டுப் புதியதைச் சொருகுங்கள். அதே மெஷினைப் பக்கத்து போர்ட்டுக்கு மாற்றினாலும், அங்கேயும் போர்ட் செக்யூரிட்டி இருந்தால் அத்துமீறலாகத்தான் எடுத்துக்கொள்ளும்.