உள்ளங்கை அளவு வெண்கலத்தில் ஒரு கொலை

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்துக்குப் போகிறவர்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை: விமான நிலைய வாசலில் டாக்சி ஏறாதீர்கள். என்னை ஏற்றிய ஓட்டுநர் மீட்டரே போடவில்லை. இறங்கும்போது 45 யூரோ கேட்டு வாங்கிவிட்டார். பக்கத்திலேயே டிராம் நிற்கிறது, இரண்டு யூரோவுக்குள் நகரத்துக்கு வந்துவிடலாம். என் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு அந்த 45 யூரோ! இன்னும் வயிறு எரிகிறது.

அந்த நஷ்டத்தைச் சரிக்கட்டத் தெருவண்டியில் சாப்பிட்டேன். பயணத்தின் ஆகச் சிறந்த சாப்பாடு அதுதான். லாம்ப்ரெடோட்டோ என்று பெயர். மாட்டின் நான்காவது இரைப்பையைக் குழைய வேகவைத்து, நறுக்கி ரொட்டிக்குள் வைத்து, பச்சைத் துவையல் தடவி, மேல் ரொட்டியைச் சுடுசாற்றில் ஒரு முக்கு முக்கித் தருகிறார்கள். குடல்கறிப் பிரியர்கள் தவறவிடக் கூடாது.

வழி, நேரம், செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் பார்த்த வெண்கலப் பதக்கங்களை விட்டு மனம் நகர மறுக்கிறது.

இவை கழுத்தில் மாட்டும் பரிசுப் பதக்கங்கள் அல்ல. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பிரபுக்கள் தம் முகத்தை வார்க்கச் செய்து வேண்டியவர்களுக்குக் கொடுத்த வட்டத் தகடுகள். ஒரு பக்கம் பக்கவாட்டு முகம், மறுபக்கம் ஒரு சின்னமோ காட்சியோ. நாணயம்போல் அடித்தவை அல்ல. மெழுகில் உருவம் செய்து, அச்செடுத்து வார்த்தவை. கன்னத்தின் மேடுபள்ளத்தில் அந்த மெழுகின் மென்மை அப்படியே தங்கியிருக்கிறது. தொடங்கிவைத்தவர் ஓவியர் பிசனெல்லோ. 1438இல் இத்தாலியின் ஃபெராரா நகரத்துக்கு வந்த பைசாந்திய (கிழக்கு ரோமானிய)ப் பேரரசர் எட்டாம் ஜானை, அந்த விசித்திரமான கூர்தொப்பியோடு 10 செ.மீ. வட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். மறுபக்கத்தில் நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒரு குதிரை உண்டு. அதற்காகவே ஒருமுறை கையில் வாங்கித் திருப்பிப் பார்க்க ஏங்கினேன்.

ஆனால் என்னை உலுக்கியது சிற்பி டொனாடெல்லோவின் சீடர் பெர்தோல்தோ செய்தது. 1478 ஏப்ரல் 26 அன்று, பேராலயத்தில் பூசை நடக்கும்போதே ஃபிளாரன்ஸை ஆட்டிவைத்த மெடிச்சி சகோதரர்கள்மேல், அவர்களுக்குப் போட்டியான பாட்ஸி குடும்பத்துச் சதிகாரர்கள் பாய்ந்தார்கள். ஜூலியானோ செத்தார், லொரென்ஸோ கழுத்துக் காயத்தோடு தப்பினார். பதக்கத்தின் ஒரு பக்கம் லொரென்ஸோவின் பெரிய தலை, 'பொது நலம்' என்ற லத்தீன் சொற்கள். மறுபக்கம் ஜூலியானோ, 'பொதுத் துயரம்'. இரண்டு தலைகளுக்கும் கீழே நகக்கண் அளவு மனிதர்கள் ஓடுகிறார்கள், குத்துகிறார்கள், விழுகிறார்கள். மொத்தமும் ஆறரை செ.மீ. சுவர் நிறைய வரைந்த எந்தப் போர்க்களமும் என்னை இப்படிப் பதறவைத்ததில்லை.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். ஜூலியானோவைக் குத்திய பந்தினியை 1479 டிசம்பரில் இதே கட்டடத்தில்தான் தூக்கிலிட்டார்கள். தொங்கிய உடலை ஓவியர் லியொனார்டோ டா வின்சி வரைந்து, உடுத்தியிருந்த துணிகளின் நிறங்களைக்கூடக் குறித்துவைத்தார்.

பேராலயத்தைப் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள். ஐந்து நிமிட நடைதான், டாக்சி வேண்டாம்.