கின்தி

நேற்றுக் காலை மகள் என் முகத்துக்கு நேரே கைப்பேசியைப் பிடித்தாள். திரையில் ஒரு வட்டம். முகம் அதற்குள் அடங்க வேண்டும், பிறகு கண்ணைச் சிமிட்ட வேண்டும். மூன்றாம் முறை சிமிட்டியபோது ஏற்றுக்கொண்டது. இன்னும் ஓராண்டுக்கு நான் உயிரோடு இருப்பதாக அரசாங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. ஓய்வூதியம் நிற்காது.

முன்பெல்லாம் நவம்பர் மாதம் இதற்காக வேலூரில் வங்கிக்குப் போவோம். மாவட்டத்தின் நாலா பக்கத்திலிருந்தும் பட்டாளத்துக்காரர்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். உயிர்வாழ்ச் சான்று கொடுக்க ஐந்து நிமிடம், எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டு பேச அரை நாள். "அவர் ஆடியிலேயே போய்விட்டாரே, உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?" என்று ஒருவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார். கைப்பேசி வசதிதான், மறுக்கவில்லை. முழங்கால் வலியோடு பஸ் ஏற வேண்டியதில்லை. ஆனால் அதில் என் முகம் மட்டும்தான் தெரிகிறது.

நான் மதராஸ் ரெஜிமென்டில் இருந்தவன். எங்கள் செக்ஷனில் பத்துப் பேர். தமிழ், மலையாளம், தெலுங்கு எல்லாம் கலந்து பேசுவோம், திட்டுவது மட்டும் இந்தியில். 1987 ஜூலை 29-ஆம் தேதி கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆகஸ்டில் நாங்கள் யாழ்ப்பாணத்தில் பலாலி விமானத்தளத்தில் இறங்கினோம். அமைதிப்படை என்று பெயர். மாலை போட்டார்கள். கோப்பாயில் ஒரு பாட்டி எங்களை முற்றத்தில் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார், கடித்துக்கொள்ளப் பனங்கட்டித் துண்டும் கொடுத்தார். "நீங்களும் தமிழ்ப் பிள்ளைகள்தானே" என்றார். அக்டோபரில் புலிகளோடு சண்டை தொடங்கிய பிறகு அந்தத் தெருவில் ஒரு கதவும் எங்களுக்குத் திறக்கவில்லை. திறக்காததில் அவர்கள் மேல் தவறு சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் செத்துப்போன சனங்களைப் பற்றி எழுத வேண்டியவர்கள் அந்த மண்ணில் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது என் பத்துப் பேர்.

ரோந்து முடிந்து திரும்பினால் முகாம் வாசலில் தலை எண்ண வேண்டும். பட்டாளத்தில் அதற்குக் கின்தி என்று பெயர். எண்களும் இந்தியில்தான். எங்கள் ஹவில்தார் கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம் பக்கத்துக்காரர். இருட்டில் ஒவ்வொருவர் தோளாகத் தொட்டுக்கொண்டே வருவார். தொடப்பட்டவன் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். ஏக், தோ, தீன். என்னுடையது சார், அதாவது நான்கு. ஒன்பதாவது ஆள் 'நௌ' என்றதும் ஹவில்தார் தன் மார்பைத் தானே தொட்டு 'தஸ்' என்பார். பத்தும் வந்த பிறகுதான் தண்ணீர் குடிப்பார்.

1988 பிப்ரவரியில் சாவகச்சேரிப் பக்கம் ஒரு மதகுக்கு அடியில் புதைத்திருந்த கண்ணிவெடியில் மூன்றாம் எண் போய்விட்டான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். அன்று மாலை முகாம் வாசலில் 'தோ' வந்தது. ஹவில்தாரின் கை வெறும் காற்றில் ஓர் ஆள் உயரத்தைத் தொட்டுவிட்டு என் தோளுக்கு வந்தது. எதைச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

"உன் எண் என்ன?"

"சார்."

"அப்படியானால் அதையே சொல்."

அதற்குப் பிறகு 'தோ'வுக்கும் 'சா'ருக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருப்போம். விதிமுறையில் இப்படி ஒன்று கிடையாது. அவருடைய வழக்கம், எங்களுக்கும் பழகிவிட்டது.

அந்தப் போரில் இந்தியத் தரப்பில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,200 பேர். 2019-இல் டெல்லியில் திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னத்தில், 25,000-க்கு மேற்பட்ட பெயர்களுக்கு நடுவே மூன்றாம் எண்ணின் பெயரும் கல்லில் இருக்கிறது. அது சரிதான், இருக்க வேண்டியதுதான். வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டுக் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். 1914-18 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் செதுக்கியிருக்கும். காய்கறிப் பையோடு அதைக் கடக்கும்போதெல்லாம் கழித்தல் போட்டுப் பார்ப்பேன். 263. அவர்களும் இதே பஜாரில் வெற்றிலை வாங்கியிருப்பார்கள், பேரம் பேசியிருப்பார்கள், பிறகு ஒவ்வொருவராகப் போயிருப்பார்கள். எதனால் என்று எந்தக் கல்லிலும் இல்லை.

எங்கள் கணக்கில் ஒன்பது பேர் திரும்பினோம். இரண்டாம் எண் லாரி மோதி இறந்தான். ஐந்தாம் எண்ணுக்குச் சர்க்கரை, முதலில் கால் போனது. ஏழாம் எண் 1993-இல், விடுப்பில் ஊருக்கு வந்த நான்காம் நாள். வயிற்று வலி என்று வீட்டில் சொன்னார்கள். நாங்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

எட்டாம் எண்ணை ரேடியோ என்போம், வயர்லெஸ் பெட்டியைச் சுமந்தவன். குடியாத்தம் பக்கம். வெடியில் இடது காது செவிடாகிவிட்டது. கல்யாண வீடுகளில் வலது காது கூட்டத்தைப் பார்க்கும்படி ஒரு மூலை தேடி நிற்பான். கேன்டீனில் மாதாமாதம் கொடுக்கும் ரம் அவனுக்குப் பத்து நாள் வராது. 2004-இல் கல்லீரல் கெட்டுப் போய்விட்டான். சாவு வீட்டில் ஒருவர், "சண்டைதான் இவனைக் கொன்றது" என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. சண்டைக்கு முன்பே அவன் குடிப்பவன். ஆனால் அப்போது குடித்தால் பாடுவான். திரும்பி வந்த பிறகு குடித்தால் மதில் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வான். இதை எந்தப் பக்கம் சேர்ப்பது?

ஆறாம் எண்ணின் தொடையில் ஓர் இரும்புத் துணுக்கு கடைசிவரை இருந்தது. எடுத்தால் நரம்பு போய்விடும் என்று ராணுவ மருத்துவமனையில் அப்படியே விட்டார்கள். ஓய்வு பெற்று அரக்கோணத்தில் ஏடிஎம் காவலாளியாக இருந்தான். முதுகு வலிக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போனால் உடம்பில் இரும்பு இருக்கிறது, முடியாது என்பார்கள். அதனால் 1988-இல் எடுத்த எக்ஸ்ரே படத்தைச் சுருட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, எந்த டாக்டரிடம் போனாலும் குடை மாதிரி கையோடு எடுத்துப் போவான். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று நான் அவன் வீட்டில் இருந்தேன். பேரன் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினான். எக்ஸ்ரே வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது, கண் கெட்டுவிடும் என்று நான் கத்தினேன். அதற்குள் பார்த்துவிட்டான். "தாத்தா, உன் காலில் குட்டி நட்சத்திரம்!" என்றான். ஆறாம் எண் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. 2021 மே மாதம் கொரோனாவில் போனான். அடக்கத்துக்கு நான்கு பேருக்குத்தான் அனுமதி, நான் அந்த நால்வரில் இல்லை. எக்ஸ்ரேயை அவன் மனைவி என்னிடம் கொடுத்துவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஹவில்தார் ஊருக்குப் போய் ரப்பர் பால்வெட்டு வேலை பார்த்தார். ஆண்டுதோறும் பிப்ரவரியில், அந்த வெடி நாளன்று, முதலில் எஸ்டிடி பூத்திலிருந்தும் பிறகு கைப்பேசியிலிருந்தும் ஒவ்வொருவரையாகக் கூப்பிடுவார். நலமா என்று கேட்க மாட்டார். "உன் எண்?" என்பார். சொன்னால் வைத்துவிடுவார். 2013-இல் அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அது பிப்ரவரி இல்லை. ஒரு பெண் குரல். "சார், அப்பா நேற்று தவறிவிட்டார். டைரியில் நிறைய நம்பர் இருக்கிறது, பக்கத்தில் என்னென்னவோ எழுதியிருக்கிறார், ஒன்றும் புரியவில்லை. இது ஒன்றில்தான் 'சார்' என்று இருந்தது. நீங்கள் அப்பாவுக்குப் பாடம் எடுத்தவரா?"

இல்லை அம்மா என்று சொல்லி, நான் யார் என்று விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மற்றவர்களுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

அதிலிருந்து பிப்ரவரியில் கூப்பிடுவது என் வேலை. இப்போது மூன்றே பேர். முதல் எண் பாலக்காட்டில் மகனோடு இருக்கிறார், நன்றாகப் பேசுவார். ஒன்பதாம் எண் சித்தூரில். இரண்டு ஆண்டுகளாக நினைவு தவறிவிட்டது, மனைவியையே அக்கா என்று கூப்பிடுகிறான். போன பிப்ரவரியில் அவன் மனைவி கைப்பேசியை அவன் காதில் வைத்தார். என் பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன். பதில் இல்லை. உன் எண் என்ன என்றேன். இல்லை. பிறகு என்னவோ தோன்றி, ஏக் என்று தொடங்கினேன். தோ. வழக்கம்போல நிறுத்தினேன். சார், பாஞ்ச், சே, சாத், ஆட்.

"நௌ" என்றான். உரக்க, பரேடில் சொல்வது போல.

நான் வைக்கப் போனேன். அவன் கைப்பேசியைக் கொடுக்க மாட்டேன் என்கிறான், எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறான் என்று பின்னால் அவன் மனைவி சொல்வது கேட்டது. எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

'தஸ்' என்றேன். கொடுத்துவிட்டான்.