குடிச்சீங்களா என்று கேட்பதற்கு முன்

ராத்திரி டியூட்டியில் டி.டி. கேஸ், அதாவது குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்கள், வருவது எங்களுக்குப் புதிதில்லை. போலீஸ் மெமோ, சம்மதக் கையெழுத்து, பரிசோதனை, சான்றிதழ், அடுத்த ஆள். அப்படி வந்துபோன ஒரு வேன் டிரைவர் சில மாதம் கழித்து மகளின் காய்ச்சலுக்காக ஓ.பி.க்கு வந்தார். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தவர் நின்று கேட்டார்: "டாக்டரம்மா, அன்னைக்கு நான் குடிக்கலைன்னு சொல்லியிருந்தா என்ன எழுதியிருப்பீங்க?"

"வாசனை வருதுன்னு எழுதியிருப்பேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சரிங்கம்மா" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைக்கு நான் கேட்டது வழக்கமான கேள்வி. எப்போ குடிச்சீங்க, எவ்வளவு? ஏழு மணிக்கு, குவார்ட்டரில் பாதி என்றார். வயிற்றுவலி எப்போதிருந்து என்று கேட்டால் நோயாளி சொல்வாரே, அதே மாதிரி சொன்னார். அதை அப்படியே எழுதினேன். பக்கத்தில் ஏட்டு நின்றுகொண்டிருந்தார். கேள்விக்கு முன்னால் சம்மத வாசகத்தையும் வாசித்துக் காட்டியிருந்தேன். எல்லோருக்கும் வாசிக்கிற வேகத்தில்தான்.

பேச்சில் குழறல் இல்லை. கோட்டில் நேராக நடந்தார், திரும்பினார், கண்ணை மூடி விரலால் மூக்கைத் தொட்டார். வாசனை மட்டும் இருந்தது. சான்றிதழில் எழுத மூன்று வழி உண்டு: குடிக்கவில்லை; குடித்திருக்கிறார், ஆனால் போதையின் பிடியில் இல்லை; குடித்திருக்கிறார், போதையின் பிடியில் இருக்கிறார். நான் இரண்டாவதை எழுதினேன். "எஸ்.ஐ. திட்டுவார் மேடம்" என்றார் ஏட்டு. மாற்ற முடியாது என்றேன். நியாயமாக நடந்துகொண்டேன் என்று ஒரு திருப்தி கூட இருந்தது.

ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவில் அந்தத் திருப்திக்குப் பெரிய வேலை இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். நேராக நடந்தாரா என்பது அங்கே கேள்வியே இல்லை. பிடித்த இடத்தில் போலீஸ் ஊதச் சொன்ன மிஷினின் சீட்டில் 48 என்று இருந்தது. ஆக, அவருக்குச் சாதகமாக நான் எழுதிய வரியால் பயன் குறைவு. அவர் வாயாலே சொன்ன வரிதான் மிஷினுக்குத் துணை.

பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குவார்ட்டரில் பாதி, அதாவது 90 மில்லி பிராந்தியில் சுமார் 30 கிராம் ஆல்கஹால். அவர் எடைக்கு உச்சத்தில் 70 மில்லிகிராம் பக்கம் போகும், அப்புறம் மணிக்குச் சராசரியாக 15 இறங்கும். பிடிபட்ட ஒன்பது மணிக்கு 40. என்னிடம் வந்த பத்தரைக்கு 20க்குக் கீழே. ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தால் அளவு குறைவாகவே வந்திருக்கலாம். மெமோவில் ரத்தம் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வண்டி ஓட்டியது ஒன்பது மணிக்குத்தானே? இந்தக் கணக்கு காகிதத்தில்தான் சரியாக வரும், ஆளுக்கு ஆள் மாறும். இதையெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லியாகிவிட்டது.

வக்கீல் தோழி ஒருத்தியிடம் கேட்டேன். போலீஸ் காவலில் இருப்பவர், மாஜிஸ்ட்ரேட் முன்னால் இல்லாமல் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது, அந்த வரியை எதிர்த்து வாதாட இடமிருக்கிறது என்றாள். நிம்மதியாக இருந்தது. "ஆனா யாருடி வாதாடுறா? ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிட்டுப் போயிடுவாங்க" என்றும் சொன்னாள். அவரும் அப்படித்தான் செய்திருந்தார். 2019 திருத்தத்துக்கு முன்னால் அதிகபட்சம் 2,000 ரூபாயாக இருந்த அபராதம் இப்போது 10,000. கோர்ட்டில் என் சான்றிதழைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. சம்மனே வரவில்லை.

பணம் கூடப் பரவாயில்லை. பிடிபட்டது சொந்த பைக்கில். ஆனால் லைசென்ஸ் ஒன்றுதான். ஆர்.டி.ஓ. மூன்று மாதம் நிறுத்திவைத்ததில் சபரிமலை சீசன் முழுக்கப் போய்விட்டது. வேன்காரர்களுக்கு அந்த இரண்டு மாதம் என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கார்த்திகை பிறந்து மாலை போட்டிருந்தால் அவர் குடித்தே இருக்க மாட்டார். ஐப்பசியில் மாட்டிக்கொண்டார்.

அவர் யாரையாவது இடித்துவிட்டு வந்திருந்தால் இவ்வளவு யோசித்திருப்பேனா? மாட்டேன். அடிபட்டவரை அதே கேஷுவால்டியில் நான்தான் தைத்திருப்பேன். குவார்ட்டரில் பாதி என்பதை அழுத்தமாகவே எழுதியிருப்பேன். அப்படியென்றால் என்னை உறுத்துவது அவருக்கு நடந்த அநியாயமா, அவர் என்னை டாக்டர் என்று நம்பிப் பதில் சொன்னதா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். நாளைக்கு வேறு மாதிரி தோன்றலாம்.

இப்போதெல்லாம் கேட்பதற்கு முன்னால் நிதானமாகச் சொல்கிறேன்: நீங்க சொல்றதை எழுதுவேன், இது போலீசுக்குப் போகும், சொல்லாமலும் இருக்கலாம். உடனே பாதிப் பேர் வாசனையோடு நின்றுகொண்டு "குடிக்கவே இல்ல மேடம்" என்கிறார்கள். தலையில் அடிபட்டு வந்தவரிடம் இப்படிச் சொல்ல எனக்குப் பயம். உளறல் போதையாலா, உள்ளே ரத்தக்கசிவாலா என்று பிரித்துப் பார்க்க எனக்கு உண்மையான பதில் வேண்டும். அவர்களிடம் மட்டும் பழையபடியே கேட்கிறேன், எழுதுகிறேன். "ஆளுக்கு ஒரு சட்டமா மேடம்?" என்று ஏட்டு கேட்டார். சிகிச்சைக்காகக் கேட்பது வேறு என்று சொல்லி வைத்தேன். இரண்டுமே ஒரே ஏ.ஆர். புத்தகத்தில்தான், அதாவது விபத்துப் பதிவேட்டில்தான், ஏறுகின்றன என்பது அவருக்கும் தெரியும்.