ரத்மைன்ஸ் மாடியறை நாட்குறிப்பு: 10-ஆம் எண் சட்டை

2 மே 2009, சனி

வீட்டுக்காரர் லிமரிக் ஊர்க்காரர். டப்ளினில் நாற்பது வருடம் குடியிருந்தும் மனசு அந்த ஊர்ப்பக்கத்து மன்ஸ்டர் ரக்பி அணியோடுதான். இன்று ஐரோப்பிய கிளப்புகளுக்கான ஹைனெகன் கோப்பை அரையிறுதியில் மன்ஸ்டரும் டப்ளின் பக்கத்து அணியான லென்ஸ்டரும் மோதின. தனியாகப் பார்க்கப் பிடிக்காமல் என்னைக் கீழே கூப்பிட்டார். டிவியின் மேல் சிவப்பு மப்ளர் ஒன்றைப் போர்த்தியிருந்தார்.

ஆட்டம் க்ரோக் பார்க்கில். அயர்லாந்தின் பாரம்பரிய கேலிக் விளையாட்டுக்காரர்களின் கோட்டை அது. ரக்பியின் சொந்த லேன்ஸ்டவுன் ரோடு மைதானத்தை இடித்துக் கட்டுவதால்தான் 2007 முதல் ரக்பியை உள்ளே விட்டிருக்கிறார்கள். கூட்டம் 82,208 பேர். கிளப் ரக்பியில் இதுவே உலகச் சாதனை என்றார் வர்ணனையாளர்.

நடப்புச் சாம்பியன் மன்ஸ்டர்தான். ஜெயிப்பதும் அவர்களே என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, லென்ஸ்டரின் 10-ஆம் எண் ஆட்டக்காரர் ஃபெலிப்பே கான்டெபோமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அர்ஜென்டினாக்காரர், டப்ளினிலேயே படித்து மருத்துவரும் ஆனவர். அவர் நொண்டி வெளியேற, ஒல்லியான ஒரு பையன் உள்ளே ஓடினான். ஜானி செக்ஸ்டன், வயது 23.

"தீர்ந்தது கதை" என்று கையைத் தேய்த்துக்கொண்டார் வீட்டுக்காரர்.

ஃப்ளை-ஹாஃப் என்கிற 10-ஆம் எண்தான் அணிக்கு ஸ்டியரிங். எப்போது உதைப்பது, எப்போது பந்தைக் கைமாற்றுவது என்று முடிவெடுப்பவர் அவர். பெனால்டி உதையும் பெரும்பாலும் அவர் தலையில்தான். இந்தப் பையனுக்கு வந்ததும் வராததுமாக பெனால்டி. பெஞ்சில் உட்கார்ந்து விறைத்துப்போன காலோடு, எண்பதாயிரம் பேர் பார்க்க, கூன் போட்டு நின்று கம்பங்களை ஒரு தரம் பார்த்தான். உதைத்தான். உள்ளே.

எனக்குத்தான் வயிறு கலங்கியது. லென்ஸ்டர் 25, மன்ஸ்டர் 6. வீட்டுக்காரர் மப்ளரை மடித்து வைத்துவிட்டு டீ போடப் போய்விட்டார்.

4 மே, திங்கள்

எல்லோரும் ஒரே படத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். லென்ஸ்டரின் கார்டன் டார்சி ட்ரை போட்ட (பந்தை எதிரணிக் கோட்டுக்குள் கொண்டுபோய் வைத்த) நேரம். தரையில் மன்ஸ்டரின் ரோனன் ஓகாரா. அவர் முகத்துக்கு நேரே குனிந்து கத்துகிறான் செக்ஸ்டன். மார்ச் மாதம் கார்டிஃபில் ஒரு டிராப் கோல் (பந்தைத் தரையில் தட்டி, எழும்பும்போதே கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) அடித்து, 61 வருடம் கழித்து அயர்லாந்துக்கு கிராண்ட் ஸ்லாம் (ஆறு நாடுகள் போட்டியில் எல்லா ஆட்டமும் ஜெயிப்பது) வாங்கித் தந்தவர் இந்த ஓகாரா. நாடே கையெடுத்துக் கும்பிடுகிற ஆள்.

"மரியாதை தெரியாத பயல்" என்றார் வீட்டுக்காரர். இல்லையென்று என்னாலும் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தக் கத்தல் ஓகாராவுக்கு மட்டுமானதாக எனக்குப் படவில்லை. 2006 ஜனவரியிலேயே லென்ஸ்டருக்கு முதல் ஆட்டம் ஆடியவன். மூன்று வருடத்துக்கு மேல் இன்னொருவர் நிழலில் நின்றிருக்கிறான். வேலை தேடி ஊர் விட்டு வந்தவனுக்கு அது கொஞ்சம் புரியும்.

23 மே, சனி

எடின்பரோவில் இறுதி ஆட்டம். கான்டெபோமிக்கு முழங்கால் போனதால் செக்ஸ்டன்தான் தொடங்கினான். கிட்டத்தட்ட பாதி மைதானத்திலிருந்து ஒரு டிராப் கோல்! நான் எழுந்தே நின்றுவிட்டேன். 70-ஆவது நிமிடத்தில் வெற்றிப் பெனால்டியும் அவனே. லென்ஸ்டர் 19, இங்கிலாந்து கிளப்பான லெஸ்டர் 16. லென்ஸ்டருக்கு இது முதல் ஐரோப்பியக் கோப்பை.

முடிதிருத்தும் கடையில் கேட்ட கதை: எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் செயின்ட் மேரிஸ் பள்ளிதான் அவன் படித்த இடம். 2002-இல் பள்ளிகளுக்கான கோப்பை இறுதியிலும் முக்கியமான டிராப் கோல் ஒன்றை அடித்தானாம். அப்போது வயது 16. கடைக்காரர் தானே அடித்த மாதிரி சொன்னார்.

ஆகஸ்ட்

கான்டெபோமி பிரான்சின் தூலோன் அணிக்குப் போய்விட்டார். லென்ஸ்டரின் 10 இனி செக்ஸ்டனுக்கு. என் அலுவலகத்தில் வாரம் மூன்று நாள் வேலை என்று குறைத்துவிட்டார்கள். சந்து முனையில் இருந்த இரண்டு கடைகள் மூடிவிட்டன. வேறு எழுத ஒன்றும் இல்லை.

28 நவம்பர், சனி

போன சனிக்கிழமை ஃபிஜிக்கு எதிராக செக்ஸ்டனுக்கு முதல் சர்வதேச ஆட்டம். ஒரு உதைகூடத் தவறாமல் 16 புள்ளி. சரி, ஃபிஜிதானே என்றார் வீட்டுக்காரர். இன்று உலகச் சாம்பியன் தென்னாப்பிரிக்கா. ஓகாராவை பெஞ்சில் உட்கார வைத்து இவனையே இறக்கினார்கள். க்ரோக் பார்க்கில் பனிமூட்டம். பந்து மேலே போனால் எங்கே இறங்குகிறது என்றே தெரியவில்லை. அயர்லாந்து 15, தென்னாப்பிரிக்கா 10. பதினைந்தும் செக்ஸ்டனின் ஐந்து பெனால்டி.

வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. நாடு ஜெயித்ததற்குச் சந்தோஷப்படுவதா, ரோனன் பெஞ்சில் இருப்பதற்கு வருத்தப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது.

27 பிப்ரவரி 2010, சனி

லண்டன் டுவிக்கனாமில் இங்கிலாந்தை 20–16 என்று வென்றோம். ("வென்றோம்" என்று எப்போதிலிருந்து எழுத ஆரம்பித்தேன்?) டாமி போவின் முதல் ட்ரைக்கு, தடுப்பாளர்களைத் தாண்டி உருட்டிவிட்டது செக்ஸ்டன்தான். ஆனால் கம்பத்தை நோக்கி உதைத்ததில் பாதிக்கு மேல் வெளியே போனது. கடைசிக் கட்டத்தில் அவனை எடுத்துவிட்டு ஓகாராவை விட்டார்கள். வந்தார், போவின் வெற்றி ட்ரைக்கான கன்வர்ஷனை (ட்ரைக்குப் பின் கிடைக்கும் கூடுதல் உதையை) அலட்டாமல் உள்ளே போட்டார். வீட்டுக்காரருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

20 மார்ச், சனி

க்ரோக் பார்க்கில் கடைசி ரக்பி ஆட்டம். ஸ்காட்லாந்திடம் 20–23. இன்றும் செக்ஸ்டனை நடுவில் எடுத்துவிட்டு ஓகாராவை அனுப்பினார்கள். வெளியே நடந்து வரும்போது கேமரா அவன் முகத்தைக் காட்டியது. நான் கண்ணை எடுத்துவிட்டேன். நவம்பரில் எல்லாம் உள்ளே போயிற்று, மார்ச்சில் போகவில்லை. அதே பந்து, அதே கால். இந்த வேலையில் என்னதான் பிடிமானம் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

21 மே 2011, சனி

இந்த வாரம் ஊரே அமளி. இங்கிலாந்து ராணி வந்து க்ரோக் பார்க்கையே பார்த்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை ஒபாமா வருகிறார். நடுவில் இன்று கார்டிஃபில் மீண்டும் ஹைனெகன் இறுதி, லென்ஸ்டரும் இங்கிலாந்தின் நார்தாம்ப்டனும். பயிற்சியாளர் இப்போது ஜோ ஷ்மிட்.

இடைவேளையில் 6–22. லென்ஸ்டரை நசுக்கிவிட்டார்கள். டிவியை அணைக்கட்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை, அதைக் கவனித்தேன்.

அப்புறம் நடந்தது நம்பும்படி இல்லை. உதைப்பதற்கென்றே இருக்கிற ஆள் என்று நான் நினைத்தவன், பந்தை இடுக்கிக்கொண்டு கோட்டுக்குள் பாய்ந்தான். பத்தே நிமிடத்தில் இன்னொரு தரம். இரண்டாம் பாதியில் நார்தாம்ப்டனுக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. 33–22. அதில் 28 செக்ஸ்டனுடையது.

22 மே, ஞாயிறு

இடைவேளையின்போது உடை மாற்றும் அறையில் எழுந்து பேசியதும் செக்ஸ்டன்தானாம். பிரயன் ஓட்ரிஸ்கால் மாதிரி ஜாம்பவான்கள் உட்கார்ந்திருக்க, 25 வயதுக்காரன்!

கீழே போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வாய் ஓயாதவன்தானே" என்றார், சிரித்துக்கொண்டே. செப்டம்பரில் நியூசிலாந்தில் உலகக் கோப்பை. 10-ஆம் எண் யாருக்கு என்று கேட்டேன். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும்வரை பதில் வரவில்லை.

"ரோனனுக்குத்தான்" என்றார். பிறகு, "இந்தப் பயலை பெஞ்சில் வைத்துக்கொள்ளட்டும், பக்கத்திலேயே" என்றார். சர்க்கரை டப்பாவை என் பக்கம் தள்ளினார்.