அண்ணன் விழுந்த பிறகு

ஜூன் 3, 2025

காலை ஏழு மணிக்குக் குலசேகரத்திலிருந்து மதினி போன். ரப்பர் ஷீட் போடுகிற கொட்டகைப் படியில் அண்ணன் வழுக்கி விழுந்துவிட்டார். இடது இடுப்பெலும்பு ஒடிந்திருக்கிறது. வயது 64, சுகர் வந்து 17 வருடம். மழையில் படியெல்லாம் பாசிதான். ஆனாலும் இரண்டே படி. அதற்கு இடுப்பு ஒடியுமா?

ஜூன் 5

ஆபரேஷன் முடிந்தது. இடுப்பு முறிவு பெண்களுக்குத்தான் அதிகம் வரும், ஆனால் முறிந்தபின் ஒரு வருடத்துக்குள் இறந்துபோவது ஆண்களில்தான் அதிகம் என்றார் டாக்டர். மதினியிடம் இதைச் சொல்லவில்லை.

ஜூன் 9

ஸ்கேனில் எலும்பு அடர்த்தி, இளவயது எலும்போடு ஒப்பிடும் கணக்கில், மைனஸ் 1.4. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால்தான் எலும்புப்புரை, அதாவது எலும்பு பலமிழந்து எளிதில் ஒடியும் நோய், என்பார்கள். அப்புறம் எப்படி ஒடிந்தது என்று கேட்டேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எலும்பில் சுண்ணாம்புச்சத்து மட்டுமில்லை, கொலாஜன் என்ற புரதமும் உண்டு. எலும்பு அடி தாங்குவது அதனால்தான். வருடக்கணக்கில் சர்க்கரை அதில் ஒட்டி ஒட்டி அதை விறைக்க வைத்துவிடும். பழைய எலும்பு போய்ப் புதிது வருவதும் மந்தமாகும். ஸ்கேன் அளப்பது சுண்ணாம்பை மட்டும். அதனால் டைப் 2 சுகர்காரர்களுக்கு அளவு நன்றாக இருந்தும் எலும்பு ஒடியும். லேசாக விழுந்தே இடுப்பு ஒடிந்தால், ஸ்கேன் என்ன சொன்னாலும் அது எலும்புப்புரைதான்.

கட்டிலில் கேட்டுக்கொண்டே கிடந்த அண்ணன், "லே, பழைய ரப்பர் பேண்டு மாதிரின்னு சொல்லு. பாத்தா நல்லாத்தான் இருக்கும், இழுத்தா அறும்" என்றார். நாற்பது வருடம் ரப்பரோடு கிடந்தவர்.

ஜூன் 10

நம் பக்கம் மூட்டுவலிக்கும் எலும்புத் தேய்மானம், இதற்கும் எலும்புத் தேய்மானம். அதுவும் பொம்பளைகள் சமாச்சாரம். 17 வருடத்தில் அண்ணனின் எலும்பைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. அதுதான் மனதை அறுக்கிறது.

ஜூன் 14

எனக்கும் 11 வருடமாகச் சுகர். இன்று போய்க் கேட்டேன். கால் மரத்திருந்தால் விழுவது எளிதாம்; நரம்பு மரத்திருக்கிறதா என்று பாதத்தில் நைலான் இழையால் தொட்டுப் பார்த்தார்கள். இடது பெருவிரலில் தெரியவில்லை. வைட்டமின் டி 14. 20க்குக் கீழே என்றால் குறைவு. இந்த வெயில் ஊரில்! மாத்திரை தந்தார்கள். ராத்திரி சுகர் இறங்கித் தலைசுற்றினால் எழுந்து நடக்கக் கூடாது, உட்கார்ந்தே இனிப்பு சாப்பிட வேண்டும் என்றார்கள்.

திரும்பும்போது நெத்திலியும் கேழ்வரகு மாவும் வாங்கினேன். நெத்திலியை முள்ளோடு தின்னலாம்.

ஜூன் 17

அண்ணன் வாக்கரைப் பிடித்து வராந்தாவில் எட்டு அடி நடந்தார். நான் கொட்டகைப் படியில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். கைப்பிடிக்கு நாளை ஆள் வருகிறான்.