கடைசி செமஸ்டரின் முதல் கதை

எம்.ஏ. தமிழ் நான்காவது செமஸ்டரில் எங்களுக்கு ஒரு தாள் மட்டும் வேறு மாதிரி. ஆய்வேடு எழுதலாம், இல்லையென்றால் சொந்தப் படைப்பாக ஒரு சிறுகதைத் தொகுப்பு தரலாம். ஐந்து கதை, ஒரு முன்னுரை, ஏப்ரலில் மூன்று பிரதி, பிறகு வாய்மொழித் தேர்வு. வகுப்பில் படைப்பு என்று எழுதிக் கொடுத்தது நான் ஒருத்திதான். முதல் வருடத்திலேயே எடுத்த முடிவு அது. அதற்காகவே ஐந்து நோட்டு எழுதி வைத்திருந்தேன்.

அந்த ஐந்தும் 2024 டிசம்பர் முதல் வாரத்தில் தண்ணீரில் போயின.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் வீடு கடலூரில், தென்பெண்ணை ஆற்றை ஒட்டி. புயல் போய்விட்டது என்று நாங்கள் மூச்சு விட்ட பிறகுதான் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் வந்து சேர்ந்தது. அம்மா அரிசி மூட்டையையும் கேஸ் சிலிண்டரையும் மேலே ஏற்றினாள். நான் சர்டிபிகேட் ஃபைலை எடுத்துக்கொண்டேன். நோட்டுகள் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருந்தன. இரும்புப் பெட்டிதானே, உள்ளே தண்ணீர் போகாது என்று இருந்துவிட்டேன்.

வடிந்த பிறகு திறந்தால் ஐந்தும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன, வண்டல் வாடையோடு. அம்மாவும் நானும் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் கொடியில் போட்டோம். ஜெல் பேனாவால் எழுதிய பக்கங்களில் நீலக் கறை மட்டும்தான் இருந்தது. பால் பாயிண்டில் எழுதியது அப்படியே நின்றது. நான் பெரும்பாலும் எழுதியது ஜெல் பேனாவால். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களில் பதினாறு தேறியது. அம்மா அந்தப் பதினாறையும் பழைய புடவைத் துணிக்கு அடியில் வைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அன்றைக்குத்தான் அழுதேன்.

எழுதுகிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பால் பாயிண்டில் எழுதுங்கள், எழுதிய பக்கத்தை அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.

ஜனவரியில் கல்லூரி திறந்தது. தலைப்பு ஒப்புதல் படிவம், நெறியாளர் கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து என்று இரண்டு வாரம் போனது. ஆய்வேட்டுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அப்பா வேறு பி.எட். அப்ளிகேஷன் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கவலை நியாயமானதுதான். ஆனாலும் படிவத்தில் படைப்பு என்பதையே டிக் செய்தேன். தலைப்பு என்ற இடத்தில் 'புயலின் சுவடுகள்' என்று எழுதினேன்.

தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் வந்து போகிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். உட்கார இடம் கிடைத்தால் பஸ்ஸிலேயே எழுதுவேன். மத்தியானம் வகுப்பு இல்லாத நாளில் ரோமன் ரோலன் நூலகத்துக்குப் போய்விடுவேன். 1827இல் தொடங்கிய நூலகம் அது. அமைதியாக உட்கார்ந்து எழுத ஒரு மேசை இருப்பதே எனக்குப் பெரிய விஷயம்.

முதல் கதைக்கு 2011 டிசம்பர் 30ஐ எடுத்துக்கொண்டேன். தானே புயல் அடித்த நாள். அப்போது எனக்கு எட்டு வயது, அரையாண்டு லீவுக்குப் பண்ருட்டிக்குப் பக்கத்தில் பெரியம்மா வீட்டில் இருந்தேன். அந்தப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. பெரியம்மா வீட்டுக்குப் பின்னால் நின்ற பெரிய பலாமரமும் போனது. நோட்டில் இருந்த கதை கரைந்துவிட்டதால் ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதி ஐயாவிடம் கொடுத்தேன். ஐயா என்றால் என் நெறியாளர்.

அவர் பென்சிலால் ஒரே ஒரு சொல்லைத்தான் வட்டம் போட்டார். 'மரம் மடமடவென முறிந்து விழுந்தது' என்ற இடத்தில் 'மடமடவென'.

"இத நீ காதால கேட்டியாம்மா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்ட மாதிரியும் இருந்தது, எங்கேயோ படித்த மாதிரியும் இருந்தது.

அப்புறம் அவர் எழுத்தாளர் கி. ராஜநாராயணனை, கி.ரா.வைப் பற்றிப் பேசினார். கல்லூரிப் படியே ஏறாத ஒரு விவசாயி, ஊர் ஊராகச் சொற்களைச் சேர்த்து வட்டார வழக்குக்கு அகராதி போட்டதையும், புதுவைப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்ததையும், 2021இல் இதே ஊரில் மறைந்ததையும் சொன்னார். "சனங்க கிட்டப் போய்க் கேளு, அப்புறம் எழுது" என்று கதையைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். சாம்பலைத் தொட்டுக் கையில் பூசிக்கொள்வாள், கொட்டையைக் கல்லில் நிறுத்திக் கட்டையால் ஒரு தட்டு, ஓடு இரண்டாகப் பிளக்கும், பயிறு முழுசாக வெளியே வரும். அந்த ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல் நுனி கறுத்துத் தோல் உரிந்திருக்கிறது. சின்ன வயதிலிருந்து பார்க்கிற கைதான். அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

"பெரியம்மா, தானே புயல்ல நம்ம பலாமரம் விழுந்துச்சே, சத்தம் எப்படி இருந்துச்சு?"

"சத்தமா? காத்து போட்ட சத்தத்துல பக்கத்துல இருந்த உங்க பெரியப்பா பேசுனதே காதுல விழல. மரம் விழுந்தத எங்க கேக்கறது?"

"அப்ப மரம் விழுந்தது எப்படித் தெரிஞ்சுது?"

கட்டையைக் கீழே வைத்தாள். "காத்து ஓஞ்ச பொறவு அடுப்படிக்குப் போனேன் பாப்பா. உள்ள ஒரே வெளிச்சம். பகல்லயே லைட்டு போட்டுச் சமைக்கிற அடுப்படி அது. இம்மாம் வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு பின்கதவத் தொறந்தேன். மரத்தக் காணோம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பக்கத்தை முழுக்க அடித்துவிட்டேன். மரம் விழுகிற காட்சியே கதையில் வேண்டாம் என்று தோன்றியது. ஒருத்தி அடுப்படிக்குள் நுழைகிறாள், வெளிச்சத்தைப் பார்த்து நிற்கிறாள். அங்கிருந்து ஆரம்பித்தேன். பன்னிரண்டு பக்கம் இருந்த கதை ஏழு பக்கமானது. தேறிய பதினாறு பக்கத்திலிருந்து ஒரு வரி கூட எடுக்கவில்லை. எடுக்க வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி இரண்டாம் வாரம் முதல் மதிப்பாய்வு. துறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். படைப்புக்கு எதை வைத்து மதிப்பெண் போடுவது என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு வந்தது. கதைகளை எப்படிச் சேகரித்தேன், எத்தனை முறை திருத்தினேன் என்பதை முன்னுரையில் விரிவாக எழுதச் சொன்னார்கள். நல்ல யோசனை அது. பழைய பிரதியைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்ததால் இரண்டையும் எடுத்துக் காட்ட முடிந்தது. ஐயா படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தலைப்பை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். 'அடுப்படி வெளிச்சம்' என்று சொன்னேன். தலைப்பு மாற்றத்துக்கு இன்னொரு படிவம் இருக்கிறது, அதையும் நிரப்பிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு பெரியம்மாவுக்குக் கதையைப் படித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். முழுக்கக் கேட்டாள். கை மட்டும் கொட்டை உடைப்பதை நிறுத்தவில்லை. முடித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"எல்லாம் சரிதான் பாப்பா. ஆனா அந்த மரத்துச் சுளை மஞ்சள்னு எழுதியிருக்க. அது வெளுப்பு. அவ்வளவு இனிப்பு."

அங்கேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து மஞ்சளை அடித்துவிட்டு வெளுப்பு என்று எழுதினேன், பால் பாயிண்ட் பேனாவால்.