தூண்டில்

கைப்பணி ரீச்சர் காலமான செய்தி பழைய மாணவிகள் சங்கக் குழுவில் வந்த அன்றே, "தூண்டில் ஏதாவது எழுதட்டும்" என்று ஒருத்தி போட்டிருந்தாள். நினைவு மலர்க் குழுவினரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். 38 வருடம் கழித்தும் என் சொந்தப் பெயர் ஒருவருக்கும் வாயில் வரவில்லை. சரி, எழுதுகிறேன்.

புதன்கிழமை கடைசி இரண்டு பாடம், அந்த நீண்ட மேசை, தகரப் பேணிக்குள் மணிகள், எட்டுப் பேருக்கு ஒரு வட்டமூக்குக் குறடு. கம்பியில் மணியைக் கோத்து, மணியின் தலையோடு ஒட்ட செங்கோணத்தில் மடக்கி, 10 மி.மீ. விட்டு மிச்சத்தை வெட்ட வேண்டும். 3 மி.மீ. அகல வளையத்துக்கு ஏறக்குறைய அவ்வளவு கம்பிதான் தேவை. சுற்றளவுச் சூத்திரம் எனக்கு விளங்கியது கணக்குப் பாடத்திலல்ல, அந்த மேசையில்தான். பிறகு முனையைக் குறட்டால் பிடித்து மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். ஒரே திருப்பில் முழு வட்டம் வராது. பாதியில் குறட்டைத் தளர்த்தி, திரும்பப் பிடித்துச் சுற்ற வேண்டும். நான் தளர்த்த மாட்டேன். அவசரம். என் வளையங்கள் மணிக்கு நேர்மேலே உட்காராமல் ஒரு பக்கம் சாய்ந்து வாய் பிளந்து நிற்கும். அளவும் ஒன்றுபோல் ஒன்று இராது. குறட்டின் மூக்கு நுனியில் மெலிந்து அடியில் தடித்தது. ஒரே இடத்தில் பிடிக்கட்டும் என்று ரீச்சர் அதில் பேனையால் கோடே போட்டு வைத்திருந்தார். அந்தக் கோட்டை நான் மதித்ததாக நினைவில்லை.

ரீச்சரின் பரீட்சை தையல் நூல். வளையத்துக்குள் நூலை விட்டு இழுப்பார். மூட்டு பொருந்தியிருந்தால் நூல் நிற்கும், கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் நழுவிவிடும். அன்று ஒரு மட்டையில் மாதிரிக்குத் தன் வளையம் ஒன்றைத் தைத்து, அதன் கீழே என்னுடைய 11 வளையங்களையும் வரிசையாகத் தைத்து, வகுப்பின் முன் ஒவ்வொன்றாக நூல் விட்டார். பதினொன்றும் நழுவின.

"பிள்ளை, இதுகளைக் கொண்டு மீன் பிடிக்கலாம்."

நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மட்டை தவணை முடியும்வரை சுவரில் தொங்கியது.

அதே பின்னேரம் என்னைத் தனியே நிறுத்தி அவர் சொன்னது உங்களுக்குத் தெரியாது. "கம்பியோட சண்டை பிடிக்காதை. பிழைச்சதைத் திரும்பத் திரும்ப மடக்கினால் இறுகி முறிஞ்சுபோம். வெட்டிப்போட்டுப் புதுசாத் தொடங்கு." அடுத்த தவணை சரியாய்ச் செய்வன் என்றேன். அடுத்த தவணை நான் அங்கே இல்லை. விடுமுறையிலேயே புறப்பட்டுவிட்டோம். ரீச்சரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த மட்டையை இனிப் பார்க்க வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

இங்கே பிள்ளைகள் வளர்ந்து வீடு வெறிச்சோடிய பிறகுதான் குறட்டைத் திரும்ப எடுத்தேன். 20 கேஜ் கம்பி, 0.8 மி.மீ. தடிப்பு. இப்போது வளையத்தைத் திறப்பதென்றால் அகல இழுப்பதில்லை, கதவைப்போலப் பக்கவாட்டில் திருப்புகிறேன். கனமான மணிக்கு, மணிக்கு மேலே கொஞ்சம் கழுத்து விட்டு, அதில் மூன்று சுற்றுச் சுற்றிய வளையம். ரீச்சருக்கு ஒரு மாலை கோத்துப் பெட்டியிலும் வைத்தேன். விலாசம் கேட்டு எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று நாலு வருடம் போயிற்று.

போன மாதம் அங்கே போய் வந்த ஒருத்தி அந்த மட்டையைக் கொண்டுவந்து தந்தாள். கைப்பணி அறை அலுமாரியில் இருந்ததாம். எனக்குத் தொண்டை அடைத்தது. "உன்ரை மட்டும் இல்லையடி," என்றாள். "எல்லாற்றையும் வைச்சிருந்தவ. அலுமாரி நிறைய."

இரவு நூல் எடுத்து இழுத்துப் பார்த்தேன். மேலே இருந்த ஒன்று நூலை விடவில்லை. மற்றப் பதினொன்றும் விட்டன.